பற்றரி: கேள்வி பதில்

நல்லூரிலிருந்து ஒருவர்: அண்ணை, ரோச் பற்றரி இறங்கினால் எங்கள் அம்மம்மா வெயிலில் வைப்பா. அதில் ஏதும் பலன் இருக்கா?

பதில்: கொஞ்சம் இருக்கு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வரவிடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் வெயிலை மட்டும் விட்டுவைக்குமா? சூடேறினால் உள்ளே இரசாயனத் தாக்கம் வேகப்படும். சாதாரண கார்பன் பற்றரி சும்மா கிடந்தாலே சற்றுத் தேறும். இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் வெளிச்சம் தரும், அவ்வளவுதான். புதிதாகச் சார்ஜ் ஏறுவதில்லை. கடைக்குக் கடை பற்றரி விற்கிற காலத்தில் இது தேவையில்லை. சூட்டில் ஒழுகத்தான் கூடுதல் வாய்ப்பு.

சாவகச்சேரி: பிரிட்ஜில் வைத்தால் நாள்பட இருக்குமாமே?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அல்கலைன் பற்றரி சாதாரண அறையிலேயே ஆண்டுக்கு 2–3 சதவீதம்தான் இழக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வேர்க்கிற ஈரம் முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும். வெக்கை அடிக்காத அலுமாரி போதும்.

பருத்தித்துறை: நாலு பற்றரி போடும் ரோச்சில் இரண்டை மட்டும் மாற்றினால் காசு மிச்சம்தானே?

பதில்: நட்டம். பழையது முதலில் காலியாகும். அதற்குப் பிறகும் மற்றவை அதனூடாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் துருவமே தலைகீழாகி, உள்ளே வாயு சேர்ந்து, ஒழுகி ரோச்சையே தின்றுவிடும். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். கழற்றியதை உடனே வீசவும் வேண்டாம். மல்ரிமீற்றரில் 1.3 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற அல்கலைனைச் சுவர் மணிக்கூட்டில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். இடைக்கிடை திறந்து ஒழுகுதா என்று மட்டும் பாருங்கள்.

சுன்னாகம்: றிமோட்டுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கு. எறியவா?

பதில்: பொறுங்கள். அல்கலைன் என்றால் அது காரம். கையுறை போட்டு, பஞ்சில் தேசிக்காய்ச் சாறு தொட்டு, நுரை அடங்கும்வரை துடையுங்கள். பிறகு ஈரத்துணி, பிறகு நன்றாகக் காயவிடுவது. சுருள் கம்பி பச்சை பிடித்திருந்தால் மெல்லிய அரத்தாளால் தேயுங்கள். பெரும்பாலும் உயிர் வரும்.

காரைநகர்: சார்ஜ் பண்ணுகிற பற்றரி வாங்கலாமா?

பதில்: பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கும் கமரா பிளாஷுக்கும் கட்டாயம் வாங்கலாம். 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாரம் கூடிய வேலையில் அது அல்கலைனை விட நின்றுபிடிக்கும், நூற்றுக்கணக்கான தடவை சார்ஜும் ஏற்றலாம். மணிக்கூட்டுக்கு அந்தக் காசு வீண், மலிவான கார்பன் பற்றரி காணும். சாதாரண பற்றரியை மட்டும் அந்தச் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள், வாயு பெருகி வெடிக்கும்.