பருந்து வரவில்லை என்று பைனாகுலரை மாற்றாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வசிக்கிறோம். இலையுதிர் காலத்தில் அப்பலாச்சிய மலைமுகட்டில் நின்றால் ஆயிரக்கணக்கான பருந்துகள் தெற்கே போவதைப் பார்க்கலாம் என்று ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் படம் காட்டினார். பணம் கட்டி, அக்டோபர் கடைசி வாரம் குழந்தைகளோடு போனோம். வெயில் இதமாக இருந்தது, காற்றே இல்லை. ஐந்து மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள், அதுவும் புள்ளி புள்ளியாக. "உங்கள் 8×42 பைனாகுலர் போதாது, 20 மடங்கு காட்டுவது வேண்டும், தெரிந்தவரிடம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பைனாகுலரில் ஒரு குறையும் இல்லை. அவர் உங்களுக்கு விற்றது தவறான தேதியை. அந்தப் பழியை இப்போது கண்ணாடியின் தலையில் போடுகிறார்.

அவர் காட்டிய படம் எனக்குத் தெரியும். பார்த்திராவிட்டாலும் தெரியும், ஏனென்றால் எல்லோரும் காட்டுவது அதே மாதிரிப் படம்தான்: நூற்றுக்கணக்கான பருந்துகள் ஒரே இடத்தில் கொதிக்கிற பானை போலச் சுழல்வது. இந்த முகடுகளில் அப்படிப் பெருங்கூட்டமாகப் போகும் பருந்து பிராட்-விங்டு ஹாக் என்ற ஒரே இனம். வடகிழக்கு முகடுகளை அது கடப்பது செப்டம்பர் நடுவில், ஏறக்குறைய இரண்டு வாரம். நீங்கள் போன நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோவையும் தாண்டியிருக்கும். தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிக்கப் போயிருக்கிறீர்கள்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மலையடிவாரத்து அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள்: "பருவம்: ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை." நான்கு மாதம்! எந்தப் பறவை எந்த வாரம் என்று இரண்டு வரி எழுத யாருக்கும் கை வருவதில்லை. இடைத்தரகர் பிழைப்பது அந்த இரண்டு வரி இல்லாததால்தான். நானே எழுதிவிடுகிறேன். செப்டம்பர் நடுவில் பிராட்-விங்டு ஹாக், கூடவே மீன் பிடிக்கும் ஆஸ்ப்ரே. அக்டோபர் முற்பாதியில் ஷார்ப்-ஷின்டு ஹாக் என்ற சின்ன வல்லூறு, பெரெக்ரின் ஃபால்கன். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை சிவப்பு வால் பருந்து, பொன்னிறக் கழுகு.

அப்படியானால் அக்டோபர் கடைசி வாரம் மோசமில்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது காற்று. இந்த மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. வடமேற்கிலிருந்து, நம் பழைய கணக்கில் வாடைக்கும் கோடைக்கும் நடுவிலிருந்து, வரும் காற்று அதன் விலாவில் மோதி மேலே எழும்புகிறது. அந்த எழுச்சியின் மேல் சிறகை விரித்து வைத்துக்கொண்டால் பறவை சிறகடிக்காமலே பல மைல் போய்விடும். காற்று இல்லாத நாளில் முகட்டுக்கு அது வர வேண்டிய அவசியமே இல்லை. அந்த வடமேற்குக் காற்று எப்போது வரும்? குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று மழையோடு கடந்து போன மறுநாளும் அதற்கடுத்த நாளும். வானிலை வரைபடத்தில் நீலக் கோட்டில் முக்கோணப் பற்கள் வைத்து வரைந்திருப்பார்களே, அதுதான். அது உங்கள் பகுதியைத் தாண்டியதும் கிளம்புங்கள். ஆனால் செய்தியில் ஊர் வெப்பநிலையும் மழை வாய்ப்பும் மட்டுமே சொல்வார்கள். காற்றின் திசையை நீங்களாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிராட்-விங்டு ஹாக்குக்குப் பலத்த காற்று வேண்டியதில்லை. அது நம்புவது வெப்பத்தை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சூடான காற்று தூண் போல மேலே எழும். பறவை அதற்குள் புகுந்து சுற்றிச் சுற்றி உயர்ந்து, உச்சியிலிருந்து சறுக்கி அடுத்த தூணைப் பிடிக்கும். பலத்த காற்று அடித்தால் அந்தத் தூண் கலைந்துவிடும். ஆகவே செப்டம்பருக்கு மட்டும் கணக்கு வேறு: குளிர்முகம் கடந்திருக்க வேண்டும், ஆனால் காற்று மென்மையாக, வெயில் நன்றாக இருக்க வேண்டும். விடியற்காலையில் போய்க் காத்திருக்காதீர்கள். ஒன்பது, பத்து மணிக்குத்தான் தூண் எழும்பத் தொடங்கும். நண்பகலில் மிக உயரத்தில் போவதால் வானம் காலியாகத் தெரியும்; உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். இன்னொன்று: துளி மேகமில்லாத நீல வானம் மனிதனுக்கு அழகு, பறவை தேடுபவனுக்குத் தொல்லை. வெண்மேகம் பின்னால் இருந்தால்தான் புள்ளி தெரியும்.

சரி, பைனாகுலர். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடும்; பெரும்பாலும் பார்வைப் பரப்பும் சுருங்கும். 20 மடங்கைக் கையில் பிடித்தால் பருந்து நடனமாடும், அதையும் முதலில் கண்டுபிடித்தால்தான். சிவப்பாக மினுங்கும் கண்ணாடி, 10 முதல் 30 வரை ஜூம் என்றெல்லாம் விற்பவரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். உங்கள் 8×42இன் குவியத்தைத் தொலைவிலுள்ள முகட்டில் முன்கூட்டியே சரிசெய்து வைத்துக்கொண்டு, பறவைகள் வரும் வடகிழக்குப் பக்கம் அடிவானத்தை ஒட்டி மெதுவாகத் துழாவுங்கள். தலைக்கு மேல் தேடுவதால்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

நீங்கள் பார்த்த பத்துப் பன்னிரண்டில் பல டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிப் பறவையாக இருக்கலாம். சிறகை ஆங்கில 'வி' எழுத்துப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடித்தவன் போலத் தள்ளாடும். அதைக் "கழுகு, கழுகு" என்று காட்டிக் காசு வாங்குகிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

வழிகாட்டியே உங்களுக்குத் தேவையில்லை. பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டனில் 1934இலேயே கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. அதற்கு முன் அதே பாறைகளில் துப்பாக்கியோடு உட்கார்ந்து பருந்துகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி மலையைக் குத்தகைக்கு எடுத்து அந்த வேட்டையை நிறுத்தினார். (சுட வந்தவர்களுக்குக்கூட எந்தக் காற்றில் வர வேண்டும் என்று தெரிந்திருந்தது. உங்கள் ஏற்பாட்டாளருக்குத் தெரியவில்லை.) இன்று இப்படிப் பல முகடுகளில் எண்ணுகிறார்கள், அன்றன்றைய எண்ணிக்கை இனவாரியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில வருடத்துக் கணக்கைப் புரட்டினால் உங்களுக்கு வேண்டிய வாரம் தானே தெரியும். தேதியை முன்பதிவு செய்யாதீர்கள்; அந்த வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள். அங்கே எண்ணிக்கொண்டிருப்பவரிடம், பறவை வராத இடைவேளையாகப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். மகிழ்ச்சியாகவே சொல்லிக்கொடுப்பார்.

அப்புறம், குழந்தைகள் வருகிறார்கள் என்றீர்கள். பறவையைத் துரத்திக்கொண்டு பைனாகுலர் சூரியன் பக்கம் போய்விடும். ஒரு நொடி போதும், கண் போய்விடும். சூரியனை நெருங்கினால் அந்தப் பறவையை விட்டுவிட வேண்டும் என்று மலை ஏறுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.