பூ உதிராமல் இருக்க அடிக்கும் ஹார்மோன் மருந்தும் உரமும் ஒன்றா?

மிளகாயிலும் கத்தரியிலும் பூ கொட்டுவதற்குக் கடையில் தரும் ஹார்மோன் மருந்தை அடிக்கலாமா, அதுவும் ஓர் உரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம், ஆனால் அது உரமன்று. உரம் செடிக்கு உணவு. ஹார்மோனோ செடியின் ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் போகும் சேதி. அளவு மாறினால் சேதியின் பொருளே மாறிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் மாமா வைத்திருந்த இலவம்பாடி முள்ளுக்கத்தரித் தோட்டம். நெல்லில் களைக்கு 2,4-டி என்னும் களைக்கொல்லி அடித்த டேங்கை ஒப்புக்கு ஒருமுறை அலசிவிட்டு, அதிலேயே பூச்சிமருந்து கலந்து கத்தரிக்கு அடித்தார். சில நாளில் கொழுந்து இலைகள் கயிறு போலத் திரிந்து, காம்புகள் கீழ்நோக்கி வளைந்துவிட்டன. வைரஸ் நோய் என்றே முதலில் நினைத்தோம்; டேங்கில் மிச்சமிருந்த 2,4-டிதான் காரணம். பூ உதிர்வுக்கு விற்கும் என்.ஏ.ஏ.வும் அந்த 2,4-டியும் ஆக்சின் என்னும் ஒரே ஹார்மோன் வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள்கள்.

பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் காம்பு வழியாக ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை காம்பு பிடித்து நிற்கும். கடும் வெயிலிலோ வறட்சியிலோ அந்த ஓட்டம் குறையும்போது எத்திலீன் என்னும் இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கி, காம்படியில் உள்ள செல்களின் பிணைப்பு தளர்ந்து பூ விழுகிறது. என்.ஏ.ஏ. தெளிப்பது குறைந்த ஆக்சினை ஈடுகட்டத்தான். மிளகாய்க்கு நடவு செய்த 60, 90ஆம் நாள்களில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது பரிந்துரை. கடையில் கிடைக்கும் 4.5 சதவீத மருந்தில் அது 10 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 2.2 மில்லிதான். மூடியால் அளந்து ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று போதும். வெயில் தணிந்த மாலையில் அடியுங்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையாலோ இலைப்பேனாலோ பூ கொட்டினால், அதைச் சரிசெய்யாமல் இதை மட்டும் அடிப்பது வீண்செலவு.

எத்திலீனும் எப்போதும் எதிரியன்று. அதை வெளிவிடும் எத்ரல் என்னும் மருந்தைப் பூசணி, பீர்க்கன் கொடிகளுக்கு விதைத்த 10–15 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறையாக நான்கு முறை தெளித்தால் பெண் பூக்கள் கூடுகின்றன. கொடி பூத்த பிறகு அடித்துப் பயனில்லை.

மாமா இப்போது களைக்கொல்லிக்கென்றே பழைய டேங்க் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, அதன் பிடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறார்.