குன்றின் மேல் கொல்லை, எந்நேரமும் காற்று: காற்றாலை வாங்கலாமா?

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் குன்றுச் சரிவில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மாங்கொல்லை இருக்கிறது. பெங்களூராவும் செந்தூராவும் வைத்திருக்கிறோம். மேட்டில் ஏறி நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படிக் காற்று. போன மாதம் ஒரு விற்பனையாளர் வந்தார். 3 கிலோவாட் சிறு காற்றாலை வைத்தால் நாளுக்கு 15 யூனிட் கரண்ட் கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா? காற்றை நாங்களே அளந்து பார்க்க வழி உண்டா? இன்னொன்று ஐயா: சித்திரையில் திடீரென்று அடித்த காற்றில் எங்கள் தோப்பில் பாதிக் காய் கொட்டிவிட்டது. அளக்கிற கருவி அதை முன்கூட்டியே சொல்லுமா?

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். "ஓராண்டு காற்றை அளந்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். நல்ல பொருள் விற்பவராக இருந்தால் காத்திருப்பார்.

உங்கள் மேட்டில் காற்று வீசுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உடம்பு உணரும் காற்றையும் இயந்திரத்தைச் சுற்ற வைக்கும் காற்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. வியர்த்த உடம்புக்கு மணிக்கு 12 கி.மீ. காற்றே சிலுசிலுவென்று இருக்கும். அந்த வேகத்தில் பெரும்பாலான சிறு காற்றாலைகள் சுற்றத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். தவிர, நீங்கள் கொல்லையில் இருப்பது பகலில். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்று பல நாட்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நினைவில் தங்குவது வேட்டி பறந்த நேரம் மட்டும்தான்.

வேகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஆற்றல் 27-இல் ஒரு பங்கு. உங்கள் விற்பனையாளர் சொல்லும் "3 கிலோவாட்" என்பது பெரும்பாலும் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் அளவு. அது மணிக்கு 43 கி.மீ. அந்த வேகத்தில் கரண்ட் கம்பி விசில் அடிக்கும், பெரிய கிளைகள் ஆடும், குடையைப் பிடித்து நிற்பது கஷ்டம். உங்கள் மேட்டில் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் அப்படி அடிக்கிறது? காற்று வினாடிக்கு 4 மீட்டராக இறங்கும்போது அதே இயந்திரம் தருவது சுமார் 110 வாட். இரண்டு மின்விசிறி ஓடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அது உங்களுக்குச் சாதகமானது. சராசரி வேகம் 4 என்றால் எந்நேரமும் 4 என்று பொருளில்லை. பாதி நேரம் 2, பாதி நேரம் 6 வீசினாலும் சராசரி 4 தான். ஆனால் மும்மடி போட்டுப் பாருங்கள்: சீராக வீசினால் 64, ஏறி இறங்கி வீசினால் 8-க்கும் 216-க்கும் நடுவில், 112. இயற்கையில் காற்று பரவி வீசும் விதத்தை வைத்துக் கணக்கிட்டால், சராசரி வேகத்தின் மும்மடியைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு ஆற்றல் இருக்கும். இதைச் சேர்த்தும்கூட, ஆண்டுச் சராசரி வினாடிக்கு 4 மீட்டர் உள்ள இடத்தில் அந்த இயந்திரத்தால் நாளுக்கு அதிகபட்சம் 5 யூனிட்தான் தர முடியும். சராசரி 3 என்றால் இரண்டு யூனிட்டுக்கும் கீழே. அவர் சொல்லும் 15 யூனிட்டுக்கு ஆண்டுச் சராசரி 6 மீட்டர் வேண்டும். அதுவும் இயந்திரம் நிற்கும் உயரத்தில், பன்னிரண்டு மாதமும் சேர்த்து. ஒப்பிட்டுப் பார்க்க: 3 கிலோவாட் சூரியத் தகடுகள் நம் பக்கத்து வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும், அதில் சுற்றித் தேயும் பாகம் ஏதுமில்லை.

உயரமான இடத்தில் காற்று லேசாக இருப்பதாலும் சிறிது இழப்பு உண்டு. கடல் மட்டத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று கொள்ளப்படும் காற்று, தருமபுரி உயரத்திலும் வெப்பத்திலும் சுமார் 1.1 கிலோ. 900 மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஓசூரில் இன்னும் குறைவு. விற்பனைத் தாளில் உள்ள எண்ணில் பத்து விழுக்காட்டை இதற்காகவே கழித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் குவிந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே உடுமலையும் பல்லடமும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரே முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்கு நேரே தென்காசிப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளியில் நெருங்கி, வேகமெடுத்துப் பாயும் இடங்கள் இவை. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அப்படி ஒரு கணவாய் வாசல் இல்லை. நமக்கு வருவது மைசூர்ப் பீடபூமியைக் கடந்து மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. அதனால் இங்கே காற்றே இல்லை என்று சொல்லமாட்டேன். இங்கே ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு கணக்கு, பக்கத்துக் குன்றின் கணக்கு உங்களுக்கு ஆகாது.

குன்றின் வடிவத்தைச் சொல்லியாக வேண்டும். காற்று வரும் பக்கம் சரிவு மெல்ல ஏறினால், உச்சியில் காற்று வேகமெடுக்கும். ஆனால் நம் கிருஷ்ணகிரிக் குன்றுகளில் பல, பாறை மேல் பாறை அடுக்கியது போலச் செங்குத்தானவை. மூன்றடிக்கு ஓரடிக்கு மேல் ஏறும் சரிவில் காற்று தரையை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். அந்தச் சுழலில் வேட்டி நன்றாகப் பறக்கும். இயந்திரமோ திசை தேடித் திரும்பித் திரும்பி பேரிங்கைத் தேய்த்துக்கொள்ளும். இதைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நீளமான மூங்கிலிலோ பட்டத்தின் நூலிலோ இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ரிப்பன் துண்டுகளைக் கட்டி மேலேற்றுங்கள். ரிப்பன் ஒரே திசையில் நீண்டு நிற்கும் உயரத்தில் காற்று சீராக இருக்கிறது. படபடவென்று துள்ளும் உயரம் வரை சுழல். உங்கள் மாமரங்கள் எட்டு மீட்டர் என்றால், 150 மீட்டர் சுற்றளவில் உள்ள எல்லாவற்றையும்விடக் குறைந்தது ஒன்பது மீட்டர் மேலே இறக்கையின் கீழ்நுனி இருக்க வேண்டும் என்பது பழகிய விதி. அப்படியானால் கோபுரம் ஏறத்தாழ 20 மீட்டர். விலைப்பட்டியலில் அதற்குப் பணம் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இனி அளப்பது. முதலில் செலவில்லாத வேலை. உலகக் காற்று வரைபடம் இணையத்தில் இலவசம், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்டது. 250 மீட்டர் கட்டம் வரை உங்கள் குன்றைத் தேடிப் பார்க்கலாம். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் இந்தியாவுக்கான வரைபடங்களை வெளியிட்டுள்ளது. ஆனால் அந்த மதிப்பீடுகளின் உயரத்தைக் கவனியுங்கள். நாடு முழுதுக்குமான காற்றாற்றல் 100 மீட்டர் உயரத்தில் 302 கிகாவாட், 150 மீட்டரில் 1,164 கிகாவாட் என்று அந்நிறுவனம் கணித்திருக்கிறது. ஐம்பது மீட்டர் ஏறினால் கணக்கே மாறுகிறது. 150 மீட்டருக்கான வண்ணப் படத்தைக் காட்டி 15 மீட்டர் கம்பத்தை விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வரைபடம் நம்பிக்கை தருவதாக இருந்தால் கருவி வாங்கலாம். மூன்று கிண்ணம் வைத்த காற்றுமானி, காற்றின் திசைகாட்டி, பத்து நிமிடச் சராசரியைத் தானே குறித்துவைக்கும் பதிவுப் பெட்டி. இந்த மூன்றும் போதும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144 பதிவு, ஆண்டுக்கு 52,560. கைப்பேசியில் எழுதிக்கொள்கிறேன் என்று இறங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுதுவது?

கம்பத்துக்கு ஜிஐ பைப்பும் ஸ்டே கம்பியும் போதும். வானிலைத் துறை காற்றை அளக்கும் பொது உயரம் திறந்த வெளியில் 10 மீட்டர். நீங்கள் முடிந்தால் 10-இலும் 20-இலும் ஒவ்வொரு காற்றுமானி வையுங்கள். இரண்டு உயரம் தெரிந்தால் மேலே என்ன இருக்கும் என்று கணக்குப் போடலாம். 10 மீட்டர் உயரத்தில் வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர், 20-இல் 3.7 வந்தால், 30-இல் சுமார் 4 இருக்கும். மேல் காற்றுமானி கம்பத்தின் உச்சியில் தனியாக நிற்கட்டும், பக்கத்தில் ஆன்டெனாவோ விளக்கோ வேண்டாம். கீழ்க் காற்றுமானியைக் கம்பத்திலிருந்து நீட்டிய கையில், காற்று அதிகம் வரும் திசைக்குக் குறுக்காக வையுங்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு கம்பத்தில் அந்தக் கையை நேர் கிழக்கே நீட்டிவிட்டோம். பருவக்காற்று மேற்கிலிருந்து வந்ததும் கம்பத்தின் நிழலில் கிண்ணம் சோம்பிப்போனது. பதிவில் அந்த இடத்தில் காற்றே இல்லை என்று வந்தது. தவறைக் கண்டுபிடித்தபோது அந்த ஆண்டின் நல்ல காற்று போய்விட்டிருந்தது. இன்றும் கம்பம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் திசையை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். கம்பத்துக்கு ரசமட்டம் பிடிப்பதும் எர்த் கொடுப்பதும் மறக்கக் கூடாதவை. நம் பக்கம் இடி அதிகம்.

மலிவான காற்றுமானியைச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். வேகத்தில் 5 விழுக்காடு பிசகினால் ஆற்றலில் 16 விழுக்காடு பிசகும். விடியற்காலை, இலை அசையாத நேரத்தில், நேரான சாலையில் வண்டியின் கூரைக்கு ஒரு மீட்டர் மேலே காற்றுமானியைக் கட்டி ஓட்டுங்கள். கைப்பேசி காட்டும் வண்டி வேகத்தோடு ஒப்பிடுங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, இரண்டின் சராசரி. எளிய முறைதான், ஆனால் பெரிய பிசகு எதுவும் இதில் தப்பாது.

ஏன் முழு ஆண்டு? வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேல்காற்று வலுவாக இருக்கும். அதன் உச்சம்தான் அம்மியும் பறக்கும் ஆடி. ஐப்பசி, கார்த்திகையில் திசை வடகிழக்காக மாறி வேகம் தளரும். மாசி, பங்குனி பெரும்பாலும் மந்தம். ஆடியில் மட்டும் அளந்தவன் ஏமாறுவான், பங்குனியில் மட்டும் அளந்தவன் நல்ல இடத்தைக் கைவிடுவான். ஓராண்டு முடிந்ததும், அது நல்ல ஆண்டா சோடை ஆண்டா என்று பார்க்க நாசாவின் 'பவர்' இணையதளத்தில் பல ஆண்டுக் காற்றுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன் எண்கள் உங்கள் குன்றுக்கு நேரே பொருந்தாது. ஆனால் இந்த ஆண்டு வழக்கத்தைவிடக் கூடவா குறைவா என்று சொல்லும்.

ஆண்டுச் சராசரி வேகம், இயந்திர உயரத்தில், வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், மேலே பேசலாம். 4-க்கும் 5-க்கும் நடுவில் என்றால் சூரியத் தகட்டோடு ஒரு சிறு காற்றாலையைத் துணையாக வைப்பதை யோசிக்கலாம், ஏனென்றால் ஆடி மேகமூட்டத்தில் தகடு தளரும்போது காற்று கைகொடுக்கும். 4-க்குக் கீழே என்றால் தகட்டோடு நின்றுவிடுங்கள். எப்படியிருந்தாலும், இயந்திரத்தைச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையம் உண்டு. ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை வாட் என்று அறிக்கையில் இருக்க வேண்டும், உச்ச அளவு மட்டும் போதாது.

சித்திரைக் காற்றுக்கு வருகிறேன். அது ஆடிக்காற்றின் உறவு கிடையாது. உச்சிவெயிலில் எழும் இடிமேகத்திலிருந்து விழும் மழை, கீழே உள்ள வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, மொத்தமாகக் கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. அதுதான் உங்கள் காயைக் கொட்டியது. மேகம் பக்கத்து ஊரில் இருக்கும்போதே காற்று உங்கள் தோப்புக்கு வந்துவிடும், சில சமயம் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல்.

இதை நாள் கணக்கில் முன்னதாக, இன்ன தோப்பில் இன்ன மணிக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. சென்னை ரேடாரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்க்கோட்டில் சுமார் 230 கி.மீ. பூமியின் வளைவால் அதன் தாழ்ந்த கதிரே இங்கே வரும்போது ஐந்து கி.மீ. உயரத்தில் இருக்கும். மேகத்தின் தலையைப் பார்க்கும், தரையை ஒட்டிப் பாயும் காற்றைப் பார்க்காது. ஆனாலும் வானிலைத் துறை மாவட்ட வாரியாக வெளியிடும் மூன்று மணி நேர முன்னறிவிப்பைச் சித்திரை, வைகாசியில் பிற்பகல் தோறும் பாருங்கள். "இடியுடன் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் தரைக்காற்று" என்று வந்தால், முற்றிய காயைக் காற்று வருமுன் பறித்துவிடுவது நல்லது. மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. உங்கள் இருப்பிடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும்.

உங்கள் காற்றுமானி தருவது கடைசி நேரச் செய்தி. பதிவுப் பெட்டியில் ஒரு வெப்பமானியும் இருந்தால், காற்று திடீரென்று திசை மாறுவதும், வேகம் எகிறுவதும், வெப்பம் சில நிமிடங்களில் பல டிகிரி இறங்குவதும் சேர்ந்து தெரியும். கருவியைத் தோப்புக்குள் வைக்காமல் மேட்டில், மேகம் வழக்கமாக எழும் பக்கமாக வைத்தால், தோப்புக்குக் காற்று வந்து சேருமுன் சில நிமிடம் கையில் இருக்கும். காயைக் காப்பாற்ற அது போதாது. மரத்தின் மேல் தொரட்டியோடு நிற்கும் ஆளைக் கீழே இறங்கச் சொல்லவும், ஏணியைத் தரையில் கிடத்தவும், மோட்டார் ஸ்விட்சை அணைக்கவும் போதும்.