காளைக்கும் பசுவுக்கும் உறவு –0.08 என்றால் என்ன பொருள்?

கேள்வி: பத்துக் காங்கேயம் பசுக்கள் வைத்திருக்கிறேன். பொலிகாளை வாங்க இரண்டைப் பார்த்திருக்கிறேன்; இரண்டுக்கும் வம்சாவளிப் பதிவு இல்லை. 12 மைக்ரோசாட்டிலைட் மரபணுக் குறிகளைச் சோதித்ததில், என் மூத்த பசுவோடு ஒன்றுக்கு உறவு அளவு 0.21, மற்றதற்கு –0.08. உறவு பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? எதை வாங்கலாம்?

பதில்: தாராளமாகப் போகும். ஒப்பீட்டுக்கு எடுத்த மாடுகளில் ஏதோ இரண்டைப் பிடித்தால் எவ்வளவு ஒற்றுமை இருக்குமோ, அதுதான் இங்கே பூஜ்யம். அதைவிட ஒற்றுமை குறைந்தால் எதிர்க்குறி வரும். எனவே, எந்த மாடுகளோடு ஒப்பிட்டார்கள் என்று ஆய்வகத்தில் முதலில் கேளுங்கள். ஒப்பீட்டில் ஜெர்சிக் கலப்பினங்கள் நிறையக் கலந்திருந்தால், எந்த இரண்டு காங்கேயமும் அண்ணன் தங்கை போலத் தெரியும்! உங்கள் பட்டி மாடுகள் மட்டும் என்றால், உண்மையான உறவே மறைந்துவிடும்.

மைக்ரோசாட்டிலைட் குறி என்பது டி.என்.ஏ.வில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடம்; அதன் நீளம் மாட்டுக்கு மாடு மாறும், ஒவ்வொரு நீளமும் ஒரு வடிவம். ஒரு குறியை எடுத்துக்கொள்வோம். காளையிலும் பசுவிலும் 152 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள வடிவம் இருக்கிறது. காங்கேயத்தில் பாதி மாடுகளிடம் அது இருந்தால், இந்த ஒற்றுமைக்கு மதிப்பில்லை. நூற்றில் ஒன்றிரண்டில் மட்டும் இருந்தால், அது பொது மூதாதையைக் காட்டும் வலுவான தடயம்.

12 குறிகள் போதாது. தந்தை மட்டும் பொதுவான உடன்பிறப்புகளுக்கு எதிர்பார்க்கும் அளவு 0.25, ஆனால் இத்தனை குறைந்த குறிகளில் அவற்றுக்குப் பூஜ்யமும் வரலாம், உறவே இல்லாதவற்றுக்கு 0.2-உம் வரலாம். உங்கள் இரண்டு எண்களையும் பெரிய வித்தியாசமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு காளை ஒரு கன்றுக்குத் தந்தையா என்று பார்க்க இதே குறிகள் ஓரளவு நன்றாகவே உதவும். கன்று ஒவ்வொரு குறியிலும் தந்தையிடமிருந்து ஒரு வடிவத்தைப் பெற்றாக வேண்டும். இரண்டு மூன்று குறிகளில் இரண்டுக்கும் பொதுவான வடிவம் எதுவுமே இல்லையென்றால் அந்தக் காளை தந்தை இல்லை. ஒரே ஒரு குறி பொருந்தாவிட்டால் ஆய்வகப் பிழையாகவும் இருக்கலாம். தந்தை இல்லை என்பதால் உறவே இல்லை என்றாகாது.

பணம் இருந்தால் டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மட்டும் மாறும் பல்லாயிரம் குறிகளை ஒரே தடவையில் பார்க்கும் எஸ்.என்.பி. சிப் சோதனை செய்யுங்கள். ஐரோப்பிய இனங்களை வைத்துத் தேர்ந்த குறிகள் நம் திமில் மாடுகளில் அவ்வளவாக வேறுபடுவதில்லை. இந்திய மாடுகளுக்கென வடிவமைத்த சிப்பைக் கேளுங்கள். மூத்த பசுவோடு நிறுத்தாமல் பத்துப் பசுக்களோடும் ஒப்பிட்டு, சராசரி குறைந்த காளையை வாங்குங்கள். 0.25 உறவுள்ள இணையின் கன்றுக்கு உள்இனக்கலப்பு (உறவுக்குள் இனச்சேர்க்கை) அளவு 12.5 சதவீதம்; அந்த இணையைத் தவிர்த்துவிடுங்கள். வால் மயிரை மாதிரியாக அனுப்பினால், வெட்டாமல் வேரோடு பிடுங்கி அனுப்புங்கள்.