பழைய இராணுவச் சாப்பாட்டுப் பொதி: வாங்கலாம், வாயில் வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. பண்டாரவளையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் என் தம்பி அமெரிக்க இராணுவத்தின் சாப்பாட்டுப் பொதி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். கடும் பழுப்பு நிறப் பை. 1995ஆம் ஆண்டுப் பொதி என்று சொல்லி 9,500 ரூபாய் கேட்கிறாராம். பழைய பொதிகளைப் பிரித்துச் சாப்பிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தானும் கூட்டாளிகளோடு பிரித்து ருசி பார்க்கப் போகிறான். "நம்ம குளிருக்கு ஒன்றும் பழுதாகாது, மணந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவோம்" என்கிறான். விடலாமா?

பதில்: வாங்கட்டும், அது அவன் காசு. சாப்பிட மட்டும் விடாதீர்கள் தங்கச்சி. மணந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவோம் என்கிறானே, என் பயமே அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் கறி பழுதா இல்லையா என்று மூக்குதான் தீர்ப்புச் சொல்லும். நேற்றுச் சமைத்த பருப்புக்கு அது சரி. ஆனால் காற்றுப் புகாத டின்னுக்குள்ளும் பைக்குள்ளும் வளரக்கூடிய குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. இறைச்சி, மீன், அவரை மாதிரிப் புளிப்புக் குறைந்த உணவில்தான் அது வளரும். இராணுவப் பொதியில் பிரதான சாப்பாடே அந்த வகைதான். பையை மூடிய பிறகு 121 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித்தான் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்கிறார்கள். ஆகவே புதுப் பொதியில் பயமில்லை. முப்பது வருஷம் மடிந்து, நசுங்கி, பல கை மாறி வந்த பையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கிருமி புகுந்திருந்தால்? கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

"நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டால்?" என்று அடுத்துக் கேட்பான். பொட்டுலினம் நஞ்சு கொதிக்கும் சூட்டில் அழியும், உண்மைதான். ஆனால் ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற இன்னொரு கிருமியின் நஞ்சைக் கொதிக்க வைத்தும் அழிக்க முடியாது. எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல உங்கள் குசினியில் ஆய்வுகூடம் இல்லையே.

அப்புறம் அந்தக் குளிர்க் கதை. அதில் பாதி உண்மை இருக்கிறது. எம்.ஆர்.இ. எனப்படும் இந்த அமெரிக்கப் பொதிகள் 27 பாகை வெப்பத்தில் 3 வருஷமும், 38 பாகையில் 6 மாதமும் தாங்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்படுபவை. குளிரில் வைத்தால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அந்தப் பொதி பண்டாரவளையில் பிறந்ததா? எந்தப் பாலைவன முகாமில் கிடந்தது, கப்பல் கொள்கலனுக்குள் எத்தனை நாள் வெந்தது, கொழும்பில் எந்தத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. பிற்காலப் பொதிகள் பெட்டியாக வரும்போது வெளியே சூட்டுக்கு நிறம் மாறும் ஒரு வட்ட அடையாளம் ஒட்டியிருக்கும். தனிப் பையாக விற்கும்போது அதுவும் கிடைக்காது.

1995 என்று எப்படிச் சொல்கிறார் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பொதிகளில் திகதி நாலு இலக்கத்தில்தான் இருக்கும். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், மற்ற மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 5032 என்றால் ஐந்தில் முடியும் வருஷத்தின் 32ஆம் நாள், அதாவது பெப்ரவரி 1. அது 1985ஆகவும் இருக்கலாம், 1995ஆகவும் இருக்கலாம், 2005ஆகவும் இருக்கலாம். பையின் நிறம் கொஞ்சம் உதவும்: 1990களின் நடுப்பகுதி வரை கடும் பழுப்பு, அதன் பிறகு மணல் நிறம். ஆகவே 2005 இல்லை என்று சொல்லலாம், 1985 இல்லை என்று சொல்ல முடியாது. இதை விளங்கப்படுத்தத் தெரியாதவர் 9,500 கேட்டால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

வீடியோ பார்ப்பவர்கள் நூறு வருஷத்து டின் கதையையும் சொல்வார்கள். அது கட்டுக்கதை இல்லை. பெர்ட்ராண்ட் என்ற நீராவிக் கப்பல் 1865இல் மிசூரி ஆற்றில் மூழ்கியது. அதை 1968இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்த டின் உணவை 1974இல் சோதித்தபோது கிருமி எதுவும் வளர்ந்திருக்கவில்லை. சில சத்துகள் மட்டும் குறைந்திருந்தன. ஆனால் அந்த டின்கள் நூறு வருஷம் சேற்றுக்குள் ஆடாமல் அசையாமல் கிடந்தவை. சோதித்தவர்கள் இரசாயனவியலாளர்கள், சோதித்த இடம் ஆய்வுகூடம். தம்பியின் பொதிக்கு இதில் எதுவும் பொருந்தாது.

சாப்பாட்டோடு ஒரு சூடாக்கும் பையும் இருந்தால் அதையும் தொட வேண்டாம். மக்னீசியமும் இரும்பும் கலந்த தூள் அதற்குள் இருக்கும், தண்ணீர் பட்டால் கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். நாம் குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு, பக்கத்தில் விறகடுப்பும் எரிய விடுகிறவர்கள். அந்த வாயு தீப்பிடிக்கும்.

வாங்குவதென்றால் பார்வைப் பொருளாக வாங்கச் சொல்லுங்கள். "உண்பதற்கல்ல" என்று எழுதிய பற்றுச்சீட்டு கேட்கட்டும். எழுதித் தர மாட்டேன், தாராளமாகச் சாப்பிடலாம் என்று விற்பவர் சொன்னால், அவர் காலம் கடந்த உணவை உணவாகவே விற்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். "அமெரிக்க அரசின் சொத்து, விற்பது சட்டவிரோதம்" என்ற பொருளில் ஆங்கில வாசகமும் பிற்காலப் பொதிகளில் இருக்கும். இருந்தால் அதையும் வாசித்துவிட்டுத் தீர்மானிக்கட்டும்.

இதையெல்லாம் மீறிச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றால், கண் இமை தொங்குகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, விழுங்கக் கஷ்டமா என்று பாருங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் தொடங்கும், காய்ச்சல் வராது. விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மிச்சப் பையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: என் தாத்தா யுத்த காலத்தில் பேராதனையில் வெள்ளைக்காரப் படையின் குசினியில் எடுபிடி வேலை செய்தவர். அவருடைய தகரப் பெட்டியில் திறக்காத இரண்டு டின்கள் கிடைத்தன. ஒன்று சாவி வைத்துத் திறக்கும் மாட்டிறைச்சி டின், மற்றது டீத்தூளும் சீனியும் பால்மாவும் கலந்த டின். நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை. டீத்தூளையாவது ஒருநாள் ஊற்றிக் குடிக்கலாமா? அது தாத்தாவோடு குடிப்பது போல இருக்கும். — கண்டி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன், ஐயா. 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் அமைத்தார். அந்தக் குசினிகளில் எரிந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற நம் ஆட்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அதற்குச் சாட்சியாக இரண்டு டின் இருக்கிறது.

ஆனால் குடிக்க வேண்டாம். வெறும் தேயிலை என்றால் வைக்கோல் தண்ணீர் மாதிரிச் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். இதில் பால்மா கலந்திருக்கிறது, அதன் கொழுப்பு எப்போதோ சிக்கு வாடை எடுத்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் காலத்து டின்களின் ஓரத்தை ஈயம் கலந்த பற்றாசு வைத்துத்தான் ஒட்டினார்கள். ஈயம் உணவில் இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளின் மூளைக்குத்தான் முதல் கேடு.

நம் பனியும் மழை ஈரமும் தகரத்துக்கு எமன். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த துணியால் தூசி தட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய கண்ணாடிப் பெட்டியில், குசினிக்குத் தூரமாக வையுங்கள். மாட்டிறைச்சி டின் ஊதத் தொடங்கினாலோ கசிந்தாலோ படம் எடுத்துக்கொண்டு, கையுறை போட்டு இரண்டு பைக்குள் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். அதற்காக வருத்தப்பட வேண்டாம். தாத்தா சொன்ன கதைகள் நினைவிருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்தை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. இராணுவப் பொதி மாதிரி வருஷக் கணக்கில் இருக்கும் சாப்பாடு வாங்கி வைக்கலாமா? — ஹப்புத்தளை

பதில்: அதற்கு அவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை. டின் மீன் நாலு, கிறீம் இல்லாத பிஸ்கட், பால்மா, சீனி, தேயிலை, தண்ணீர்ப் போத்தல். ஒரு மூடி போட்ட வாளிக்குள் வைத்துக் கதவோரம் வையுங்கள். டின்னின் விளிம்பில் நெளிவோ துருவோ இருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். திகதியைத் தடித்த பேனாவால் மூடியில் பெரிதாக எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதைச் சமைத்துவிட்டுப் புதியதை வையுங்கள். டின் திறக்கும் கத்தியையும் அதே வாளிக்குள் போடுங்கள்.