ரைஃபிள்களில் ஜெர்மனியின் 1898 மாடல் மௌசர்தான் சிறந்த வடிவமைப்பு என்கிறார்கள். பிறகு ஏன் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டில் வேகமாகச் சுட முடிந்தது?

நம்மூர் போலீஸ்காரர்களும் என்.சி.சி. பிள்ளைகளும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்வது இந்த லீ-என்ஃபீல்டைத்தான். மௌசரை மெச்சுகிறவர்கள் இதில் குறை என்று காட்டும் விஷயங்கள்தான் இதற்கு வேகத்தைக் கொடுத்தன என்பது என் கட்சி.

முதல் குறை, போல்ட் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும், முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டு) பூட்டும் இடம். மௌசரில் பூட்டும் லக்குகள் (புடைத்த பற்கள்) போல்டின் முன்முனையில், தோட்டா உட்காரும் சேம்பரை ஒட்டி இருக்கும். லீ-என்ஃபீல்டின் போல்ட் அமைப்பை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அவற்றைப் பின்பக்கம் வைத்தார். சுடும்போது வரும் அழுத்தத்தைப் போல்டின் முழு நீளமும் தாங்க வேண்டும் என்பதால் பலம் குறைவுதான். ஆனால் போல்டைப் பின்னால் இழுக்க வேண்டிய தூரம் குறைகிறது. கைப்பிடியையும் மௌசர் போல 90 டிகிரி தூக்க வேண்டாம், 60 போதும். இழுத்து முடித்ததும் கை விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த ரவையை (தோட்டாவை) ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, ஸ்பிரிங். மௌசரில் கைப்பிடியைத் தூக்கும்போதே தோட்டாவின் அடியைத் தட்டும் ஸ்ட்ரைக்கர் ஊசியின் ஸ்பிரிங்கும் இறுகும். சுட்ட சூட்டில் காலித் தோட்டா சேம்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான், ஆக இரட்டை வேலை. லீ-என்ஃபீல்டில் போல்டை முன்னால் தள்ளி மூடும் கடைசிக் கட்டத்தில்தான் ஸ்பிரிங் இறுகும். வெறும் துப்பாக்கியை மெதுவாக மூடிப் பார்த்தால் “என்ன இது, இடிக்குதே” என்று தோன்றும். என்.சி.சி.யில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேகமாகத் தள்ளினால் கை போகிற வேகத்திலேயே அந்த இடி காணாமல் போய்விடும்.

அப்புறம் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி. மௌசரில் 5 ரவை, இதில் 10. ஐந்தைந்தாக இரண்டு கிளிப்பில் மேலிருந்து அழுத்தி நிரப்ப வேண்டும். 1914-க்கு முந்தைய பிரிட்டிஷ் படையில் 300 கஜத்தில் ஒரு நிமிடத்துக்கு 15 ரவை குறிபார்த்துச் சுடுவது பயிற்சி அளவுகோல். கைதேர்ந்தவர்கள் அதைத் தாண்டியும் போனார்கள்.

சேற்றுக்கும் இது அசராது. கனடாப் படை கொண்டுவந்த ராஸ் துப்பாக்கி இலக்கைச் சுடுவதில் படு துல்லியம். ஆனால் முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர (Ypres) போர்முனையில் சிக்கிக்கொண்டே இருந்ததால், கிடைத்தவர்கள் அதைப் போட்டுவிட்டு லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

சரி, உண்மையான குறையே இல்லையா? எனக்குப் பிடிக்காதது தோட்டாதான். .303-இன் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பும்போது மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளும்போது ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும்.

1960-களில் வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை, இதே அமைப்பை 7.62 மி.மீ. ரவைக்கு மாற்றிச் செய்தது. அந்த ரவையின் அழுத்தம் அதிகம் என்பதால் எஃகை இன்னும் உறுதியானதாக மாற்றினார்கள். துருத்தும் விளிம்பு அந்த ரவையில் இல்லை. மேகசினில் 12 பிடித்தது.