மூளைக்கட்டிக்கு மரபணு சிகிச்சை கிடைக்குமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கும் நண்பர், தம் பெரியம்மாவுக்குக் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுக்கட்டிக்கு அறுவை முடிந்த பின்பும் கட்டி மீண்டும் வந்துவிட்டதாகவும், மரபணு சிகிச்சை பலன் தருமா என்றும் எழுதியிருக்கிறார். அது இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டி ஓரிடத்தில் திரண்டு நிற்பதில்லை. தாமிரபரணிப் பாசன வயலில் நெல்லின் வேரோடு பின்னிக்கொண்ட கோரையைப் போல நல்ல மூளைத்திசுவுக்குள் ஊடுருவுவதால், அறுவையில் முழுவதையும் அகற்ற முடிவதில்லை. ஆகவே 1990-களில் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினர். உதட்டோரக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பஸ் வைரஸில் உள்ள, தைமிடின் கைனேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணுவை, பெருகாத வேறொரு வைரஸின் வழியாகக் கட்டியின் செல்களுக்குள் செலுத்தி, பிறகு கான்சைக்ளோவிர் மருந்தைக் கொடுத்தால், அம்மரபணு சேர்ந்த செல்களில் மருந்து நஞ்சாக மாறும். எலிகளிடம் நன்கு பலித்த இம்முறை, 248 நோயாளிகள் பங்கேற்று 2000-இல் வெளியான பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை. மரபணு மிகச் சில செல்களையே எட்டியது முக்கியக் காரணம்.

பெருகாத வைரஸால் எட்ட முடியாததைப் பெருகும் வைரஸ் எட்டும் என்பதே அடுத்த எண்ணம். மூன்று மரபணு மாற்றங்களால் புற்றுச் செல்களில் மட்டும் பெருகும்படி அமைத்த ஹெர்ப்பஸ் வைரஸுக்கு ஜப்பான் 2021-இல் நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்தது. ஆனால் அதற்கு அடிப்படையான சோதனையில் இருந்தவர்கள் 19 பேர்தான். ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. எனவே அளவோடு நம்புவதே என் கருத்து.

பாளையங்கோட்டையில் பெரியம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம், மறு அறுவையோ கதிர்வீச்சோ இயலுமா என்று முதலில் கேளுங்கள். யாரேனும் பணம் கேட்டு மரபணு ஊசி போடுவதாகச் சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அச்சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.